பாலை அடக்கிக்கொள்ளும் மாடு: பயம், வலி, சூடு எதுவென்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் இரண்டு மூன்று கலப்பின மாடு வைத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்களை நினைத்து எழுதியது இது. எல்லை தாண்டி பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் இருப்பவர்களுக்கும் பொருந்தும். அங்கும் இதே மாடுகள்தான், இதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான்.

முதலில் சங்கத்தில் பாலை அளந்து தரும் ரீடிங் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீவனம் மாறவில்லை, மாடும் சினைக்கு வரவில்லை, ஆனால் ஒரு வேளை ஃபேட் (கொழுப்புச் சதவீதம்) 4.0 வருகிறது, அடுத்த வேளை 3.2, அதற்கடுத்த வேளை 4.6. இப்படி ஏறி இறங்கினால் தவிட்டையும் புண்ணாக்கையும் சந்தேகப்படுவதற்கு முன் கறவையைப் பாருங்கள். தீவனக் கோளாறால் குறையும் கொழுப்பு குறைந்த இடத்திலேயே பல நாள் நிற்கும். மாடு பாலை அடக்கிக்கொள்வதால் குறையும் கொழுப்புதான் ஊஞ்சலாடும். ஒரு வேளை மடியில் தங்கிய கொழுப்பு அடுத்த வேளை பாலோடு சேர்ந்து வருவதுதான் காரணம். காலை ரீடிங்கைக் காலை ரீடிங்கோடும், மதிய ரீடிங்கை மதியத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். நம் பக்கம் பல சங்கங்களில் பிற்பகலிலேயே பால் எடுத்துவிடுவதால் இரண்டு கறவைக்கும் இடையே உள்ள நேரம் சமமாக இல்லை. குறைந்த இடைவெளியில் கறக்கும் பாலில் ஃபேட் இயல்பாகவே கூடும். அது நோயும் இல்லை, பயமும் இல்லை.

மடியில் தங்கும் பால் ஏன் இவ்வளவு விலை கேட்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியில் வரும் பாலில் 7, 8 அல்லது அதற்கு மேலும் இருக்கும். ஒரு மாடு ஒரு வேளைக்கு 6 கிலோ பால், 4 சதவீதக் கொழுப்பு என்று கறக்கிறது என வைத்துக்கொள்வோம். மொத்தக் கொழுப்பு 240 கிராம். கடைசி 1 கிலோவை மாடு விடவில்லை, அதில் 8 சதவீதம் கொழுப்பு இருந்தது என்றால் 80 கிராம் மடியிலேயே நின்றுவிட்டது. கேனில் இருக்கும் 5 கிலோவில் 160 கிராம்தான். அதாவது 3.2 சதவீதம். அளவில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பசும்பாலுக்கு உணவுத் தரச் சட்டம் கேட்கும் குறைந்த அளவே 3.2தான். இன்னும் கொஞ்சம் இறங்கினால் பாலைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு.

இழப்பு அதோடு நிற்பதும் இல்லை. மடியில் பால் தேங்கி நின்றால் சுரப்பி அணுக்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வேளைக்கு அரை லிட்டர் தங்கும் மாடு, சில வாரங்களில் அந்த அரை லிட்டரைச் சுரப்பதையே விட்டுவிடும். ஈத்து, அதாவது கறவைக் காலம், முடிவதற்கு முன்பே வற்றிப்போகும் மாடுகளில் பலவற்றின் கதை இதுதான்.

சுரப்பு விடுவது எப்படி நடக்கிறது

மடியில் உள்ள பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள அறையில் தயாராக இருக்கும். கலப்பின மாட்டில் நாட்டு மாட்டின் இரத்தம் கூடக் கூட அந்தப் பங்கும் குறையும். மிச்சமெல்லாம் நுண்ணிய சுரப்பிப் பைகளுக்குள் அடைபட்டிருக்கும். அதை எவ்வளவு இழுத்தாலும் கையால் எடுக்க முடியாது. காம்பில் கை பட்டதும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து, பைகளைச் சுற்றியுள்ள தசையிழைகளைச் சுருங்க வைக்கிறது. அப்போதுதான் பால் பிழிந்து கீழே இறங்குகிறது. தொட்டதிலிருந்து இறங்குவதற்கு 60 முதல் 90 வினாடி ஆகும். அதன் பிறகு 5 முதல் 7 நிமிடம் வரை வேகம் இருக்கும், பிறகு தளர்ந்துவிடும்.

பயந்த மாட்டில் இந்த ஓட்டம் இரண்டு இடத்தில் அறுபடுகிறது. புதிய இடம், புதிய ஆள் என்று மிரண்டிருந்தால் மூளை ஆக்ஸிடோசினை விடுவதே இல்லை. கறவை நடுவில் அடிபட்டாலோ சத்தம் கேட்டாலோ அட்ரினலின் என்ற ஹார்மோன் ஊறி, மடிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வெளிவந்த ஆக்ஸிடோசினும் போய்ச் சேராது. அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் 1941-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாட்டின் முதுகில் பூனையை விட்டும், காகிதப் பைகளை வெடித்தும் மிரட்டினார்கள். மாடுகள் பாலை விடவில்லை. 1999-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தன்னை முன்பு முரட்டுத்தனமாக நடத்திய ஆள், கறக்கும் நேரத்தில் வெறுமனே அருகில் நின்றதற்கே மாட்டின் மடியில் தங்கிய பால் 70 சதவீதம் கூடியது. அவர் தொடவில்லை, அடிக்கவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

ஒருமுறை மிரண்ட மாடு தெளிய 20, 30 நிமிடம் எடுக்கும். நடுவில் உதைத்த மாட்டை அடித்து, உடனே மறுபடி உட்கார்ந்து கறப்பதில் எந்தப் பயனும் இல்லை. கட்டுத்தறியில் கொஞ்சம் சோளத்தட்டைப் போட்டுவிட்டு அடுத்த மாட்டுக்குப் போங்கள். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, கழுவுவதிலிருந்து முழுமையாகத் தொடங்குங்கள்.

கறவையின் ஒவ்வொரு நிமிடமும்

ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே வரிசை. மாடு நேரத்தைத் துல்லியமாக அறியும். அரை மணிக்கு மேல் முன்பின் ஆவதைத் தவிர்க்க வேண்டும். கறக்க வரும்போது பின்பக்கமாக வரக் கூடாது. மாட்டுக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 330 டிகிரி பார்வை உண்டு. வாலுக்கு நேர் பின்னால் மட்டும் குருடு. அங்கிருந்து திடீரென்று கை பட்டால் எந்த மாடும் காலைத் தூக்கும். பக்கவாட்டில் வந்து, பேர் சொல்லி, முதுகில் கை வைத்து, கையை எடுக்காமல் அப்படியே மடிக்கு இறக்குங்கள்.

கலப்புத் தீவனத்தைத் தொட்டியில் போடுவதும் மடியைத் தொடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். சீக்கிரம் போட்டுவிட்டால் கறவை பாதியில் இருக்கும்போதே தொட்டி காலியாகி, மாடு அலைய ஆரம்பிக்கும். பிறகு ஒவ்வொரு காம்பிலிருந்தும் 3, 4 பீச்சு பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் எடுங்கள். திரி திரியாக இருந்தால் மடிநோய்த் தொடக்கம். இந்த முதல் பீச்சுகளே நல்ல தூண்டுதலும் கூட. அடுத்து வெதுவெதுப்பான நீரில் காம்பை மட்டும் கழுவி, மாட்டுக்கு ஒரு துணி என்று வைத்துக்கொண்டு துடையுங்கள். குளிர்ந்த நீரை மடி முழுக்க வீசி அடிப்பது காலை 4 மணிக்கு மாட்டைத் திடுக்கிட வைக்கும், அழுக்கையும் காம்புக்கு இறக்கும். துடைப்பதும் லேசாகப் பிடித்துவிடுவதும் சேர்ந்து குறைந்தது 15, 20 வினாடி காம்பில் கை இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். முதல் தொடுதலிலிருந்து ஒரு நிமிடமாவது ஆகட்டும். காம்பு பருத்து விறைக்கும், மடி இறுகும், சில மாடுகள் அசைபோட ஆரம்பிக்கும். அது வரும் முன்பே இழுத்தால் முதலில் அறையில் உள்ள பால் வரும், நடுவில் வறண்டுபோகும், பிறகு மறுபடி வரும். அந்த வறண்ட நேரத்தில் காம்பு வலிக்கும். தினமும் வலித்தால், கறவை என்றாலே வலி என்று மாடு படித்துக்கொள்ளும்.

கறப்பது முழுக்கையால். கட்டைவிரலை மடக்கி முட்டியால் அழுத்திக் கறப்பது காம்பின் உள்சவ்வைக் கெடுக்கும். கடைசியில் உருவிக் கறப்பதையும் நாலைந்து இழுப்போடு நிறுத்துங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வேளைக்கு 8, 10 லிட்டர் கறக்கும் மாட்டைக் கையால் 7 நிமிடத்தில் முடிக்க எல்லோராலும் ஆகாது. அப்படிப்பட்ட மாட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உட்கார வேண்டும், அல்லது மெஷின் வேண்டும். முடித்ததும் காம்பை 0.5 சதவீத அயோடின் கரைசலில் நனைத்து, பசுந்தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். காம்பின் துளை மூடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும்.

மெஷின் வைத்திருப்பவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும்: வெற்றிட அளவு 42 முதல் 44 கிலோபாஸ்கல் (மில்லிமீட்டர் காட்டும் மீட்டரில் 315 முதல் 330), பல்சேட்டர் (வெற்றிடத்தை விட்டு விட்டுத் தரும் பாகம்) நிமிடத்துக்கு 60 அடிப்பு, ரப்பர் லைனர் (காம்பில் மாட்டும் கப்பின் உள்ளுறை) 2,500 கறவைக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ மாற்றுவது. பால் நின்ற பிறகும் கப்பை விட்டுவைப்பதுதான் மெஷினுக்குப் பழகிய மாடு திடீரென்று உதைக்கத் தொடங்குவதற்கு முதல் காரணம். முன்னிரண்டு காம்பு பெரும்பாலும் சீக்கிரம் வற்றும். நான்கும் முடியட்டும் என்று காத்திருக்கும்போது அவை வெறும் வெற்றிடத்தில் இழுபடுகின்றன. புது மெஷின் வாங்கினால் முதல் 3, 4 நாள் மோட்டாரை மட்டும் கறவை நேரத்தில் ஓடவிட்டு, கையால் கறக்க வேண்டும். சத்தம் பழகிய பிறகு கப்பைப் போடலாம்.

மாட்டின் குணத்தை அளப்பது

"இது கொஞ்சம் கோபக்கார மாடு" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. மாடு தொட்டியருகே அமைதியாக நிற்கும் நேரத்தில், 2 மீட்டர் தள்ளி முன்பக்கத்தில் நில்லுங்கள். கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, வினாடிக்கு ஓர் அடி என்று நடந்து போங்கள். மூக்கைத் தொட விட்டால் அந்த மாட்டுக்கு உங்கள் மேல் பயமில்லை. அரை மீட்டருக்குள் வந்ததும் தலையை இழுத்தால் பரவாயில்லை. 1 மீட்டருக்கு மேல் இருக்கும்போதே கயிற்றை இழுத்துப் பின்வாங்கினால் மனிதரைக் கண்டு பயப்படுகிறது. கூடவே கறவை நேரத்தில் மாடு எத்தனை முறை பின்காலை மாற்றி மாற்றி வைக்கிறது, எத்தனை முறை உதைக்கிறது என்பதைத் தனித்தனியே ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

குறிப்பில் பார்க்க வேண்டியது இதுதான். எல்லா மாடும் பின்வாங்கினால் குற்றம் கையில். ஒரு மாடு மட்டும் என்றால் அந்த மாட்டின் பிறவிக் குணமோ, அதன் உடம்பில் வலியோ. எல்லா மாடும் ஒரே நாளில் மாறினால் தொழுவத்தில் ஏதோ புதிதாக வந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆள் கறக்கும் வேளையில் மட்டும் என்றால் சொல்லவே வேண்டாம். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் நடந்த ஓர் ஆய்வு, பண்ணைக்குப் பண்ணை பால் அளவில் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை மாடு மனிதருக்குப் பயப்படும் அளவோடு சேர்ந்து போவதைக் காட்டியது.

மாடு ஆளை முகத்தாலும் உயரத்தாலும் உடுப்பின் நிறத்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் ஊசி போடுவது, கொம்பு சுடுவது, குளம்பு வெட்டுவது, மூக்கணாங்கயிறு மாற்றுவது எதையும் கறக்கும் இடத்தில் வைத்துச் செய்யக் கூடாது. கறக்கிற ஆள் பிடித்துக் கொடுக்கவும் கூடாது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இந்த வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பயம் போக்க, கழுத்தின் அடிப்பக்கத்தை, தாடையிலிருந்து மார்பு வரை தினமும் 3 நிமிடம் தேய்த்துவிட்டால் போதும். நெற்றியில் தட்டிக்கொடுப்பது மாட்டுக்குப் பிடிப்பதில்லை, முட்டப் பழக்கும்.

பேர் வைத்துக் கூப்பிடுவது பற்றி: இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 516 பண்ணையாளர்களிடம் கேட்டு 2009-இல் வெளியிட்டதில், மாட்டைப் பேர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஓர் ஈத்துக்கு 258 லிட்டர் கூடுதலாக இருந்தது. பேரே பாலைக் கூட்டிவிடாது. பேர் வைத்தவர் ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகப் பார்க்கிறவர்; அந்தக் கவனம்தான் பாலாகிறது. நம் வீடுகளில் லட்சுமி, நந்தினி என்று பேரில்லாத மாடு ஏது. அந்தப் பேரைத் திட்டும் குரலில் மட்டும் பயன்படுத்தாமல் இருந்தால் சரி.

சுழி பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே உயர்ந்திருக்கும் மாடுகள் பிடிபடும்போது கூடுதலாக மிரள்கின்றன என்று அமெரிக்காவில் 1995-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அது இறைச்சி மாடுகளில் பார்த்தது. சந்தையில் ஒரு நல்ல கறவையைச் சுழிக்காக விடுவதைவிட, அங்கேயே ஒருமுறை கறக்கச் சொல்லி அருகில் நின்று பார்ப்பது பல மடங்கு நம்பத்தகுந்தது. ஜெர்சி கலப்பு மிரளும், எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு சாது என்ற பேச்சிலும் ஓரளவுதான் உண்மை. ஒரே இனத்துக்குள் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாடு அதைவிடப் பெரியது.

உதைக்கும் மாடு: முதலில் வலியைத் தேடுங்கள்

நேற்றுவரை அமைதியாக நின்ற மாடு இன்று உதைத்தால் அது குணமில்லை, வலி. காம்பில் வெடிப்பு, அம்மைக் கொப்புளம், ஈக்கடிப் புண், ஒரு பக்க மடியில் சூடும் வீக்கமும், பின்காலில் குளம்புப் புண். இந்த வரிசையில் பாருங்கள். ஒரே காம்பைத் தொடும்போது மட்டும் காலைத் தூக்கினால் அந்தக் காம்பில்தான் விஷயம் இருக்கிறது. மடிநோயாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். காத்திருந்தால் அந்தக் காம்பு போய்விடும்.

வலி எதுவும் இல்லை, பழக்கமாக உதைக்கிறது என்றால் பின்கால் இரண்டையும் சேர்த்து அணைகயிறு கட்டுங்கள். முழங்காலுக்கு மேல், எட்டுப் போட்டு, ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சாக. முரட்டு நைலான் வேண்டாம், பருத்திக் கயிறு. இறுக்கிக் கட்டினால் கால் மரத்து, மாடு விழும். விழுந்த மாடு அதை மறக்காது. வாலை முறுக்குவது, காதைத் திருகுவது இரண்டும் அன்றைக்குப் பாலைக் கறக்க உதவுவதுபோலத் தோன்றும். சுரப்பு நின்றுபோனதை அடுத்த வேளை ரீடிங் காட்டும்.

சூடு

பாலக்காட்டில் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல், மே வரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஆனால் மாட்டை வாட்டுவது வெயில் மட்டும் இல்லை, ஈரப்பதமும் சேர்ந்ததுதான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீட்டில் 72-ஐத் தாண்டினால் கலப்பின மாட்டுக்குச் சிரமம் ஆரம்பம். 35 டிகிரி வெயிலும் 40 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மார்ச் மதியத்தில் அது 83-க்கு வருகிறது. ஆனால் மழைக்காலத்தில் 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்ற சாதாரண நாளிலும் 80. "மழை பெய்கிறதே, மாட்டுக்கு என்ன சூடு" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கருவி எதுவும் வேண்டாம். மாடு நிற்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 60-க்கு மேல் என்றால் சூட்டுச் சிரமம். 80-க்கு மேல் என்றால் உடனே நீர் ஊற்ற வேண்டும். 100-ஐத் தாண்டி, வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு எச்சில் ஒழுகினால் மருத்துவரை அழைக்கும் நிலை. மாடு அசைபோடுவதைக் குறைப்பதும், படுக்காமல் நின்றுகொண்டே இருப்பதும் இதற்கு முன்பே தெரியும் அறிகுறிகள். இயல்பாக ஒரு மாடு நாளில் 12 மணி நேரமாவது படுக்க வேண்டும். படுத்திருக்கும்போது மடிக்குப் போகும் இரத்தம் கூடும். ஒரு லிட்டர் பாலுக்கு 400, 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டியிருப்பதால் இது சின்ன விஷயமில்லை.

சூட்டில் பால் குறைவது அன்றைக்கே முழுதாகத் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கேன் காட்டும். அதனால் இன்று குறைந்த பாலுக்கு இன்றைய தீவனத்தில் குற்றம் தேடாமல், முந்தாநாள் மதியம் மாடு எங்கே கட்டியிருந்தது என்று கேளுங்கள்.

செய்ய வேண்டியவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. 10 லிட்டர் கறக்கும் மாடு நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் குடிக்கும், கோடையில் அதற்கும் மேல். வேளைக்கு இரண்டு வாளி காட்டுவது பற்றாது. எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கறுப்புக் குழாய் வழியாக வரும் நீர் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், மாடு மூக்கை வைத்துவிட்டு எடுத்துவிடும். தொட்டியை நிழலுக்குள் வையுங்கள், குழாயில் நின்ற நீரைத் திறந்துவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

அடுத்து, உடம்பை நனைத்துக் காற்றடிப்பது. காலை 11 முதல் மாலை 4 வரை, முதுகும் விலாவும் தோல்வரை நனைய 1, 2 நிமிடம் தண்ணீர் பீச்சி, பிறகு 10, 12 நிமிடம் ஃபேன் காற்று. இதையே திரும்பத் திரும்ப. வெறும் நீர் மட்டும் ஊற்றிக் காற்று இல்லாவிட்டால் மாட்டைச் சுற்றி ஈரக் காற்று தங்கி நிலைமை மோசமாகும். தண்ணீர் மடிக்கு வழியும் அளவு ஊற்றக் கூடாது, அந்த ஈரத்தில் மடிநோய்க் கிருமி காம்புக்கு இறங்கும். கோடையில் ஈரப்பதம் குறைந்திருக்கும் மதியங்களில் இந்த முறை அருமையாக வேலை செய்யும். ஜூன், ஜூலை ஈரத்தில் தண்ணீரை விட்டுவிட்டு, ஃபேனை மட்டும் ஓட்டுங்கள். ஃபேன் இல்லாவிட்டால் கணவாய்க் காற்று வரும் பக்கத்துத் தடுப்பை எடுத்துவிடுங்கள்.

பிற்பகலில் கறக்க வேண்டிய கட்டாயம் இருப்பவர்கள், கறவைக்கு முக்கால் மணி முன்பே நனைத்து முடித்து, மடி காய்ந்த பிறகு உட்கார வேண்டும். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று போடுங்கள், உள்ளே வெப்பம் இறங்குவது குறையும். தென்னந்தோப்பு இருந்தால் மதியம் அங்கே கட்டுவதே நல்லது, காயும் மட்டையும் விழாத இடமாகப் பார்த்து. தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுங்கள். வைக்கோல் செரிக்கும்போது உடலில் சூடு உண்டாவதால் அதை இரவுக்கு வைப்பது நல்லது. கலப்புத் தீவனத்தோடு தாது உப்பு 50 கிராம், சமையல் சோடா 50 கிராம், கல்லுப்பு 30 கிராம் என்று நாளுக்குச் சேர்க்கலாம்.

சத்தமும் மின்சாரமும்

மாட்டின் காது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளையும் கேட்கும். அதனால் கேன் மூடி சிமெண்டில் விழும் சத்தம், விசில், இரும்புக் கதவின் கிறீச்சு நமக்கு உறைப்பதைவிட அதற்கு அதிகம் உறைக்கும். தாழ்ந்த, சீரான சத்தம் தொந்தரவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறா வல்லங்கி வேலா திருவிழாவின் வெடிக்கட்டு (வாணவேடிக்கை) இருக்கும் ஊர்களிலும், தீபாவளிக்கும், முதல் வேட்டுக்கு முன்பே கறவையை முடித்துக்கொள்ளுங்கள். மாட்டைப் பழகிய இடத்திலேயே, துணை மாட்டின் அருகில் கட்டி, தட்டைப் போட்டு, ஃபேனையோ ரேடியோவையோ ஓடவிடுங்கள். அன்று புது இடத்துக்கு மாற்றுவது இரட்டைப் பயம்.

எந்தக் காரணமும் தெரியாமல் எல்லா மாடும் கால் மாற்றி மாற்றி நின்று, தண்ணீரில் மூக்கை முழுக்காமல் நாக்கால் நக்கிக் குடித்தால் மின்கசிவைச் சந்தேகியுங்கள். மனிதருக்குத் தெரியாத 1, 2 வோல்ட் ஈரத் தரையில் நிற்கும் மாட்டுக்குத் தெரியும். மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இரும்புத் தண்ணீர்த் தொட்டியிலோ கட்டும் கம்பியிலோ வையுங்கள். மறுமுனையை மாடு நிற்கும் ஈரத் தரையில் வைத்த உள்ளங்கை அளவு இரும்புத் தகட்டில் வையுங்கள். மோட்டார், கறவை மெஷின், ஃபேன் ஒவ்வொன்றையும் போட்டும் நிறுத்தியும் அளவைக் குறியுங்கள். 1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும், அல்லது மோட்டார் உள்ளே கசிகிறது. மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே பிரிக்க வேண்டாம்.

சந்தையிலிருந்து வந்த மாடு

பொள்ளாச்சிச் சந்தையில் 12 லிட்டர் என்று வாங்கிய மாடு வீட்டில் 7 கறந்தால் தரகர் ஏமாற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. வண்டிப் பயணம், புதிய தொழுவம், புதிய கை, புதிய தீவனம் நான்கும் ஒரே நாளில். ஒன்றிரண்டு வாரம் பால் இறங்குவது இயல்பு. இறக்கியதும் முதலில் தண்ணீர், பிறகு தட்டு. கலப்புத் தீவனம் முதல் மூன்று நாள் பாதி அளவு. விற்றவரிடம் என்ன தீவனம், எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பார்கள், கன்று விட்டா, ஊசி போட்டா என்று கேட்டு வாருங்கள். இந்த நான்கு கேள்வி தீவனச் செலவைவிட அதிகம் மிச்சப்படுத்தும். மற்ற மாடுகளிடமிருந்து இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். ஆனால் கண்ணில் படும் தூரத்தில். தனியே கட்டிய மாடு கத்திக்கொண்டே இருக்கும்.

ஊசி என்றால் ஆக்ஸிடோசின் ஊசி. அது பாலைக் கூட்டுவதில்லை, இருப்பதை இறக்குகிறது, அவ்வளவுதான். பழகிய மாடு பிறகு தன்னால் சுரப்பு விடாது. பால் பெருக்குவதற்காக மாட்டின் உடல்நலம் கெடும்படி எதையும் ஊசியில் செலுத்துவதை விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 12 குற்றமாக வைத்திருக்கிறது; இரண்டு ஆண்டு வரை சிறை. ஊசிக்குப் பழகிய மாடு வந்துவிட்டால், மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்து, மேலே சொன்ன கழுவுதல், தடவுதல், தீவனம் என்ற வரிசையைத் தவறாமல் பின்பற்றி மீட்க முடியும்.

தலைச்சன் கிடாரி

குணத்தை மாற்றுவதற்கு, முதல் கன்று ஈனுவதற்கு முந்தைய நாட்களைவிட மலிவான நேரம் வேறில்லை. ஈன்ற பிறகு, வீங்கிய மடியோடு வலியில் நிற்கும் கிடாரியின் காம்பை முதன்முறையாகத் தொட்டால், உதைக்கத்தான் செய்யும். கன்று ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பே கறக்கும் இடத்துக்குத் தினமும் இரண்டு வேளை நடத்திக்கொண்டு போய், ஒரு கை தீவனம் வைத்து, 5 நிமிடம் நிறுத்துங்கள். முதல் வாரம் முதுகும் விலாவும் தேய்ப்பது மட்டும். இரண்டாம் வாரம் தொடையின் உள்பக்கம், மடியின் மேல்பக்கம். மூன்றாம் வாரம் காம்பை ஈரத்துணியால் துடைக்கலாம், ஆனால் பால் பீச்சக் கூடாது. காம்புத் துளையை அடைத்திருக்கும் மெழுகு போய்விட்டால் கிருமி உள்ளே போகும். மெஷின் சத்தத்தையும் இந்த நாட்களிலேயே கேட்க விடுங்கள்.

கன்று ஈன்ற முதல் வாரம், ஒரே ஆள் கறக்க வேண்டும். கன்று விட்டுக் கறப்பவர்கள் கன்றை எப்போதும் தாயின் தலைப்பக்கம் கட்டுங்கள். கன்று இல்லாமல் கறக்க விரும்புகிறவர்கள் ஈன்ற உடனேயே பிரிக்க வேண்டும். சீம்பாலைக் கறந்து, கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் புட்டியிலோ வாளியிலோ கொடுக்க வேண்டும். ஒரு மாதம் ஊட்ட விட்டுப் பிறகு பிரித்தால் தாய் பாலை அடக்கிக்கொள்ளும், கன்று செத்துப்போனாலும் இதே சிக்கல்தான் வரும். முதல் வாரத்தில் கிடாரி காலைத் தூக்கினால் கையை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் காலைத் தூக்கினால் ஆள் போய்விடுவார் என்று கற்றுக்கொள்ளும். கையைக் காம்பிலிருந்து மடியின் மேலே நகர்த்தி, மெதுவாக அழுத்தியபடி இருங்கள். கால் கீழே வந்ததும் மீண்டும் காம்புக்கு வாருங்கள்.